அன்னக் காரை வாங்கிய நாபா மகாராஜா யார்? 1910 புரூக் வண்டியின் உடைமை வரலாறு: ஒரு நிகழ்வு ஆய்வு

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் லௌமன் அருங்காட்சியகத்தில், முன்பகுதி முழுவதும் அன்னமாகவே வடிக்கப்பட்ட ஒரு வெள்ளை மோட்டார் வண்டி நிற்கிறது. கோயில் அன்ன வாகனத்தைப்போலக் கழுத்தை நிமிர்த்தி அலகை நீட்டியிருக்கும். பின்புறத்தில் தங்க ரேக் ஒட்டிய தாமரை வேலைப்பாடு. கண்களில் மின்விளக்கு. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள லோஸ்டாஃப்ட் என்ற துறைமுக ஊரில் ஜே. டபிள்யூ. புரூக் நிறுவனம் 1910இல் கட்டிய 25/30 குதிரைத்திறன் வண்டி இது. செய்யச் சொன்னவர் கல்கத்தாவில் வசித்த ராபர்ட் நிக்கல் மேத்யூசன் என்ற வசதியான பொறியாளர். 1920களில் வண்டி நாபா மகாராஜாவின் கைக்குப் போனது. எழுபது ஆண்டுகளுக்கும் மேல் அந்தக் குடும்பத்திலேயே இருந்தது. 1991இல் அருங்காட்சியகம் அதை வாங்கியது.

அரச குடும்பத்துக் கார்களில் இவ்வளவு குட்டையான சங்கிலி கிடைப்பது அபூர்வம். செய்த நிறுவனம், முதல் உடைமையாளர், ஒரே ஒரு அரச குடும்பம், ஓர் அருங்காட்சியகம். இடையில் தரகர்கள் வரிசையாக வருவதில்லை. அப்படியிருந்தும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்வாகவே இருக்கிறது. "நாபா மகாராஜா" என்பது பதவி, ஆள் அல்ல. இந்த வண்டி தயாரான நாளிலிருந்து 1920களின் முடிவு வரை அந்தப் பதவியில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். இடையில் சில ஆண்டுகள் அரியணையில் ஆளும் அதிகாரத்தோடு எவருமே இல்லை. வாங்கியவர் யார் என்று நிறுவாமல் அரச தொடர்பை எழுதுவது பாதி வேலைதான்.

மூன்று அரசர்கள், ஒரு வண்டி

நாபா பஞ்சாபில் இருந்த சீக்கிய சமஸ்தானம். வண்டி லோஸ்டாஃப்டில் உருவான 1910இல் அங்கே ஆண்டவர் ஹீரா சிங். 1871இலிருந்து ஆட்சியில் இருந்த அவர் 1911 டிசம்பரில் காலமானார். அவருக்குப்பின் வந்தவர் மகன் ரிபுதமன் சிங். பிரிட்டிஷ் அரசுக்கு அடங்கிப் போகாதவர். 1923 ஜூலையில் அவரைப் பதவி விலகச் செய்து, சமஸ்தானத்தை ஒரு பிரிட்டிஷ் நிர்வாகியின் கையில் ஒப்படைத்தார்கள். அதை எதிர்த்து, நாபாவைச் சேர்ந்த ஜைதோ என்ற ஊரில் அகாலிகள் என்ற சீக்கியத் தொண்டர்கள் நடத்தியதுதான் ஜைதோ போராட்டம். அதைப் பார்க்கப் போன ஜவாஹர்லால் நேரு நாபா சிறையில் அடைக்கப்பட்டதும் அந்த ஆண்டுதான். 1928இல் ரிபுதமன் சிங்கின் பட்டத்தைப் பறித்து, விசாரணையின்றிக் காவலில் வைக்க இடம் தரும் 1818ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குவிதியின்கீழ் அவரைக் கொடைக்கானலுக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1942 டிசம்பரில் இறந்தார். 1919இல் பிறந்த மகன் பிரதாப் சிங், சிறுவனாக இருக்கும்போதே 1928இல் அரசராக ஏற்கப்பட்டார்.

இப்போது காருக்கு வருவோம். நம் கையில் இருக்கும் இரண்டு கூற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். "1920களில் வாங்கினார்" என்பது தொடக்க எல்லையை 1920 என்று வைக்கிறது. "எழுபது ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்தில் இருந்தது, 1991இல் கைமாறியது" என்பது கடைசி எல்லையை 1921க்குக் கொண்டுவருகிறது. இரண்டும் சரியென்றால் மிஞ்சுவது 1920, 1921 என்ற ஒடுங்கிய இடைவெளி. அப்போது அரியணையில் இருந்தவர் ரிபுதமன் சிங்.

இதற்குத் துணையாக இன்னொரு பொருளும் இருக்கிறது. அன்னத்துக்குக் குஞ்சு போல, மின்கலத்தில் ஓடும் சிறிய அன்ன வண்டி ஒன்றை நாபா அரசர் செய்யச் சொன்னார். அதுவும் இன்று லௌமன் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதன் காலம் சுமார் 1920 என்றே குறிக்கப்படுகிறது. தாய் வண்டி வந்து சேராமல் குஞ்சைச் செய்யத் தோன்றியிருக்காது. ஆகவே இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

எதிர்த்திசையிலும் சோதித்துப் பார்க்கலாம். 1923 ஜூலைக்குப்பின் வாங்கியிருந்தால், கஜானா பிரிட்டிஷ் நிர்வாகியிடம் இருந்த காலம் அது. கல்கத்தாவில் காவல்துறை தலையிடும் அளவுக்குக் குழப்பம் விளைவித்த ஒரு வண்டியை, நான்கு வயதுப் பிள்ளையின் பெயரில் வாங்க அந்த நிர்வாகி பணம் ஒதுக்கியிருப்பார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. எங்கள் தீர்ப்பு ரிபுதமன் சிங் பக்கமே. இருந்தாலும் இது கணக்கிலிருந்து பெற்ற முடிவு. ஆவணம் வந்து உறுதி செய்யும்வரை, காட்சிப் பலகையில் "பெரும்பாலும்" என்ற சொல்லோடு எழுதுவதே முறை.

இந்த வகை ஆய்வில் ஆளை வழுக்கி விழவைக்கும் ஒரு பொறியும் இங்கே இருக்கிறது. ரிபுதமன் சிங் இளவரசராக இருந்தபோது ஏகாதிபத்திய சட்ட மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். சீக்கியத் திருமணச் சட்ட முன்வரைவை 1908இல் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த மன்றம் கூடிய தலைநகரம் கல்கத்தா. உடனே "அங்கே காரைப் பார்த்து ஆசைப்பட்டார்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த முன்வரைவு வந்த ஆண்டில் கார் இன்னும் பிறக்கவே இல்லை. அவரும் மேத்யூசனும் ஒரே ஊரில் இருந்தார்கள் என்பது சான்று ஆகாது. ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பொருளோடு தொடர்பு இருந்ததைக் காட்டும் தாள் வேண்டும்.

தாள் எங்கே கிடைக்கும்

ரோல்ஸ் ராய்ஸ் என்றால் வேலை எளிது. ஒவ்வொரு சேஸிஸுக்கும், அதாவது வண்டியின் அடிச்சட்டகத்துக்கும், ஓர் அட்டை எழுதினார்கள். ஆர்டர் கொடுத்தவர், உடற்கூடு கட்டியவர், அனுப்பிய கப்பல் என்று எல்லாம் அதில் வரும். அந்த அட்டைகள் இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற ஊரில் உள்ள ஆர்வலர் சங்கத்தில் பாதுகாக்கப்படுகின்றன. புரூக் அப்படிப்பட்ட நிறுவனம் அல்ல. 1874இல் வார்ப்பட ஆலையாகத் தொடங்கி, 1901 முதல் 1913 வரை கார் செய்து, பிறகு படகுகளிலேயே நிலைத்துவிட்டது. கடல் சார்ந்த அந்தப் பின்னணி வண்டியிலேயே தெரிகிறது: பின்சீட்டில் இருப்பவர் ஓட்டுநருக்கு உத்தரவு கொடுக்க வைத்திருப்பது கப்பல் தந்திக் கருவி.

அதனால் தேடலை இந்தியப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நாபா 1948இல் பெப்சு என்ற பாட்டியாலா, கிழக்குப் பஞ்சாப் சமஸ்தானங்களின் ஒன்றியத்தில் சேர்ந்தது, பெப்சு 1956இல் பஞ்சாபோடு இணைந்தது. பழைய சமஸ்தான ஆவணங்களுக்குப் பாட்டியாலாவில் உள்ள பஞ்சாப் மாநில ஆவணக்காப்பகம்தான் முதல் வாசல். அங்கே "கார்" என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தோஷாகானா (அரண்மனைப் பொருள் கருவூலம்) பதிவேடு, மோட்டார் கொட்டகைச் செலவு, பெட்ரோல், டயர் வாங்கிய ரசீது, ஓட்டுநர் சம்பளப் பட்டியல் ஆகிய தலைப்புகளில் தேட வேண்டும். பதிவுகள் குர்முகியிலும் உருதுவிலும் இருக்கும். படிக்கத் தெரிந்தவரை உடன் அழைத்துப் போவது கட்டாயம்.

மூன்று நேரங்களில் அரச சொத்துக்குப் பட்டியல் போட வேண்டிய தேவை எழுந்தது, அவற்றை விட்டுவிடக் கூடாது. முதலாவது, 1923இல் நிர்வாகி பொறுப்பேற்றபோது. எது சமஸ்தானச் சொத்து, எது அரசரின் சொந்தச் சொத்து என்று பிரிக்க வேண்டியிருந்த நேரம் அது. அதைப் பற்றிய கடிதப் போக்குவரத்தைத் தில்லி தேசிய ஆவணக்காப்பகத்தில் வெளியுறவு, அரசியல் துறைக் கோப்புகளில் தேடலாம். இரண்டாவது, 1928இல் கொடைக்கானலுக்கு அனுப்பியபோது. சென்னை மாகாண அரசின் பொறுப்பில் அவர் இருந்ததால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகமும் இந்தத் தேடலில் சேர்கிறது. அவரது படித்தொகை, உடைமை பற்றிய கடிதங்களில் வண்டிகள் வந்தால், அவை யாருடையவை என்று அன்று கருதினார்கள் என்பது தெரியும். மூன்றாவது, 1948ஐ ஒட்டி. சமஸ்தானங்கள் இணைந்தபோது ஒவ்வொரு அரசரும் தன் சொந்தச் சொத்துகளின் பட்டியலை அரசிடம் கொடுத்தார். வண்டி குடும்பத்திடமே தங்கியது ஏன் என்பதற்கான பதில் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

கல்கத்தாப் பக்கம் தேடலுக்கு 1910, 1911 ஆண்டுகளின் நாளிதழ்களும் காவல்துறைப் பதிவுகளும் போதும். இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் 1914இல்தான் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு மாகாணமும் தனி விதி வைத்திருந்தது. ஆகவே படத்தில் எண் பலகை தெரிந்தால் அதை வங்காள விதியின்படி படிக்க வேண்டும். பின்னாளில் ஆர்.டி.ஓ. கொடுத்த எண்ணை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடவே கூடாது. சமஸ்தான வண்டிகள் பல, இணைப்புக்குப் பிறகே புதிய எண் பெற்றன.

விலை பற்றி ஒரு சொல். இந்தக் கார் 10,000 பவுண்டிலிருந்து 15,000 பவுண்டு வரை ஆனதாக எழுதுகிறார்கள். அதே காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட்டின் வெறும் சேஸிஸ் 985 பவுண்டு. அதாவது பத்துச் சேஸிஸுக்கும் மேலான பணம். செதுக்கு வேலைக்கும் கருவிகளுக்கும் அவ்வளவு ஆகியிருக்குமா என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ரசீது கையில் வரும்வரை இந்த எண்ணைக் கோப்பில் செவிவழிச் செய்தி என்ற பகுதியில்தான் வைக்க வேண்டும். ஏதோ ஒரு மகாராஜா ரோல்ஸ் ராய்ஸில் குப்பை அள்ள வைத்த கதையும் அதே பகுதிக்குத்தான் போகும். அல்வார், பரத்பூர், பாட்டியாலா, ஹைதராபாத் என்று ஊர் மாற்றி ஊர் சொல்லப்படும் கதை எந்த ஊருக்கும் சான்று ஆகாது.

வண்டியின் உடம்பு சொல்வது

தாள் கிடைக்காத இடத்தில் இரும்பும் மரமும் பேசும். பித்தளைத் தகட்டை முதலில் நம்பக் கூடாது. இரண்டு திருகைக் கழற்றினால் அது வேறு வண்டிக்குப் போய்விடும். சேஸிஸ் சட்டத்தில் அடித்த எண், இன்ஜின் கூட்டில் அடித்த எண், கியர்பெட்டி, பின்அச்சு ஆகிய நான்கையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். எண் இருக்கும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பிசுக்கை எடுத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, அளவுகோலுடன் படம் எடுக்க வேண்டும். எழுத்துகளின் ஆழம் சீராக இல்லை, சுற்றிலும் பரப்பு சற்றுப் பள்ளமாக இருக்கிறது என்றால், பழைய எண்ணை அராவி எடுத்துவிட்டுப் புதிது அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

மரைகள் ஒரு நல்ல கடிகாரம். 1910இல் ஓர் ஆங்கிலப் பட்டறை போட்டிருக்கக்கூடியது விட்வொர்த் மரை அல்லது 1908இல் தரமாக்கப்பட்ட நுண்மரை. இரண்டுக்கும் மரைக்கோணம் 55 பாகை. சிறிய மின்பொருத்தல்களில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை வரும், அதன் கோணம் 47.5 பாகை. 60 பாகை கொண்ட ஒருங்கிணைந்த (யூனிஃபைட்) மரை 1949க்குப் பிந்தையது. கூட்டல் குறித் தலைத் திருகு 1930களின் நடுவில் வந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர், கண் விளக்கு வரை போயிருந்தால் அது பிற்காலக் கை. 1910க்கு உரியது பருத்தி பின்னிய ரப்பர் ஒயர்.

இந்த வண்டிக்கே உரிய கருவிகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அலகு இன்ஜினின் குளிர்விப்பு அமைப்போடு இணைந்தது. ஓட்டுநர் திறந்தால் நீராவி பீறிட்டுக் கூட்டத்தை விலக்கும். அந்தக் கால ரேடியேட்டருக்கு அழுத்த மூடி கிடையாது, தண்ணீர் 100 பாகையிலேயே கொதித்துவிடும். கல்கத்தா வெயிலில், நெரிசலில் ஊர்ந்து போகும்போது நீராவிக்குப் பஞ்சம் இருந்திருக்காது, ரேடியேட்டரில் தண்ணீருக்குத்தான் பஞ்சம். நீராவியாக மட்டும் போனால் இழப்பு குறைவு, ஏனெனில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,670 லிட்டர் நீராவியாகும். ஆனால் கொதிநீரும் சேர்ந்து தெறித்தால் மேல்தொட்டி சீக்கிரம் வற்றும், இன்ஜின் தலைப்பகுதி சூடேறி விரிசல் விடும். இணைப்புக் குழாய் பழையதுதானா என்று அறிய அதன் உட்சுவரைப் பார்க்க வேண்டும். பல ஆண்டு கொதித்த குழாயில் சுண்ணப் படிவு மேல்தொட்டியில் இருக்கும் அதே நிறத்தில் இருக்கும். பளபளவென்று இருந்தால் பின்னால் சேர்த்தது அல்லது மாற்றியது.

பின்புற வால்வு வழியாக வெள்ளைச் சுண்ணாம்புக் கரைசலைத் தெருவில் விட்டு, பறவை எச்சமிட்டதுபோலக் காட்டினார்கள். சுண்ணாம்பு எளிதில் போகாது. வால்வு இருக்கை, குழாய் வளைவு, தொட்டியின் அடிமூலை ஆகியவற்றில் படிவு மிஞ்சியிருக்கலாம். ஊசிமுனை அளவு சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். நுரைத்தால் அது சுண்ணக் கார்பனேட். இந்தச் சோதனையை வண்டியின் மேலேயே செய்யக் கூடாது.

எட்டுச் சுர கேப்ரியல் ஹாரன் புகைப்போக்கி வாயுவில் ஒலிப்பது. பின்புறத்தில் விசைப்பலகை வைத்து வாசிப்பார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கேப்ரியல் நிறுவனம் அந்தக் காலத்தில் விற்ற பொருள் அது, காலப் பொருத்தத்தில் குறையில்லை. குழாய்களுக்குள் கரியும் ஈரமும் சேர்ந்து பித்தளையை அரிப்பதுதான் இதன் வழக்கமான நோய். இன்ஜின் மெதுவாக ஓடும்போது அழுத்தம் போதாமல் மேல்சுரங்கள் ஊமையாகிவிடும். டயரில் ஒட்டும் யானைச் சாணத்தைத் துடைக்கத் தூரிகைகளும் இந்த வண்டியில் உண்டு. அவற்றின் பிடிமானத் துளைகள் சட்டத்தில் பெயிண்டுக்கு அடியில் இருக்கின்றனவா, பெயிண்டை உடைத்துக்கொண்டு போட்டவையா என்று பார்த்தாலே முன்பின் தெரிந்துவிடும்.

வெள்ளை எந்த வெள்ளை

இந்த ஆய்வில் மிகவும் பயன் தரக்கூடியது பெயிண்ட். வண்டியே வெள்ளை அன்னம் என்பதால் இந்தப் பேறு. 1910இல் வெள்ளை என்றால் ஈய வெள்ளை அல்லது துத்தநாக வெள்ளை. டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போரை ஒட்டித்தான் வணிகத்துக்கு வந்தது, அதன் ரூட்டைல் என்ற படிக வகை 1930களின் பிற்பகுதியில். செல்லுலோஸ் பெயிண்ட் கார்களுக்கு வந்தது 1923 வாக்கில். அதற்கு முன்பு எண்ணெய்ப் பெயிண்டையும் வார்னிஷையும் தூரிகையால் பல பூச்சாகப் பூசி, பூச்சுக்குப் பூச்சு காயவிட்டுத் தேய்ப்பார்கள். வேலை வாரக்கணக்கில் நீளும்.

புதுப்பித்த வண்டியில் வெளிப்பரப்பு எதையும் சொல்லாது. பழைய பூச்சு தப்பியிருக்கும் இடங்களைத் தேட வேண்டும்: கதவுக் கீலுக்கு அடியில், மெத்தைத் துணியை ஆணியடித்த பட்டையின் மறைவில், அலகின் உள்வாயில், இறகுச் செதுக்கலின் ஆழமான பள்ளத்தில். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த சில்லு போதும், ஆனால் அடிமரம் வரை முழு ஆழத்துக்கும் வர வேண்டும். அதைத் தெளிவான பிசினில் பதித்து, படிப்படியாக நுண்ணிய தாளில் தேய்த்து, 100 முதல் 200 மடங்கு உருப்பெருக்கத்தில் சாதாரண ஒளியிலும் புறஊதா ஒளியிலும் பார்க்க வேண்டும். இயற்கை வார்னிஷ் ஒளிரும், துத்தநாக வெள்ளை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், டைட்டானியம் இருண்டு கிடக்கும். இரண்டு பூச்சுகளுக்கு நடுவே கருத்த கோடு தெரிந்தால் அது தூசியும் புகையும்: அந்தப் பூச்சுதான் சில காலம் வெளிப்பரப்பாக இருந்தது என்று பொருள்.

கையடக்க எக்ஸ்ரே கருவியை மட்டும் நம்புவது அடிக்கடி நடக்கும் தவறு. அது எல்லாப் பூச்சையும் ஒருசேரப் படிக்கும். மேலே டைட்டானியம், கீழே ஈயம் என்றால் இரண்டும் கலந்தே வரும், எது முதலில் வந்தது என்று சொல்லாது. தாமரைக்கு மட்டும் அந்தக் கருவி நேரடியாக உதவும். தங்க ரேக் என்றால் தங்கம் காட்டும், வெண்கலப் பொடிப் பெயிண்ட் என்றால் செம்பும் துத்தநாகமும் காட்டும். பொடி வேலை காலப்போக்கில் பழுப்பும் பச்சையுமாக மாறிவிடும், ரேக் மாறாது. ஈயப் பெயிண்டை உலர் நிலையில் தேய்க்கவே கூடாது. நனைத்துச் சுரண்டுவது, முகக்கவசம், கையுறை மூன்றும் தவறக் கூடாதவை.

பழைய படங்களிலிருந்து நிறத்தை ஊகிப்பது ஆபத்து. அன்றைய கண்ணாடித் தகடுகள் சிவப்பையும் மஞ்சளையும் கருப்பாகவும், நீலத்தை வெளிறியதாகவும் பதிவு செய்யும். தங்கத் தாமரை படத்தில் இருண்டு தெரிவது இயல்பே. அதை வைத்துக் "கரும்பச்சை வேலைப்பாடு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டயர் உதவும்: 1910 வாக்கில் டயர்கள் வெளிறிய நிறம், கரி சேர்த்த கருப்பு டயர் பரவியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. கருப்பு டயருடன் அன்னக் கார் நிற்கும் படம் கல்கத்தாவின் முதல் நாட்களைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதை ஸ்டீயரிங் பக்கத்தையும் எண் பலகையையும் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

குஞ்சை வைத்துத் தாயை அளப்பது

நாபாவில் எந்தப் பூச்சு பூசப்பட்டது என்று அறிய இந்த வண்டிக்கு ஒரு வசதி இருக்கிறது, வேறு எந்த அரச வண்டிக்கும் இது எளிதில் வாய்க்காது. சிறிய அன்ன வண்டி நாபா அரசருக்காகவே செய்யப்பட்டது. அதன் அடிப்பூச்சு, எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும், நாபாக் காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. பெரிய வண்டியின் குறுக்குவெட்டில் மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டே போய், குஞ்சின் அடிப்பூச்சோடு கலவையிலும் துகள் அளவிலும் பொருந்தும் பூச்சை அடையாளம் கண்டால், அது நாபாவின் முதல் பூச்சு. அதற்குக் கீழே உள்ளவை மேத்யூசனின் கல்கத்தாவையும் லோஸ்டாஃப்டையும் சேர்ந்தவை. அந்த நாபாப் பூச்சு எண்ணெய்ப் பெயிண்டாக இருந்தால் 1923க்கு முன் வாங்கியதாகச் சொல்லும் கணக்கோடு ஒத்துப்போகும். செல்லுலோஸாக இருந்தால், வாங்கியவுடன் பூசினார்கள் என்று கொள்ள முடியாது. அப்போது நிர்வாகி காலத்துக் கொட்டகைச் செலவுக் கணக்கைத் திறந்து, பெயிண்ட் வாங்கிய பதிவு எந்த ஆண்டில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வண்டிகளிலும் தலா நான்கு இடத்தில் சில்லு எடுத்தால் போதுமானது: கழுத்தின் அடி, ஒரு கதவுக் கீல், இருக்கைப் பட்டையின் மறைவு, தாமரையின் ஓரம். ஒவ்வொரு சில்லுக்கும் எடுத்த இடத்தின் படம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி, மீதித் துண்டைப் பதித்த பிசின் கட்டியுடன் சேர்த்து வைக்க வேண்டும். பிற்காலத்தில் நாபாவின் ரசீது ஒன்று பாட்டியாலாவில் கிடைத்தால், அதைச் சரிபார்க்க மறுபடியும் வண்டியில் கைவைக்கத் தேவையில்லாமல் இருக்கும்.